கடைத்தெருவில் ஒரு பரீட்சை

உங்கள் கையில் ஒரு காகிதத்தையும் கொஞ்சம் காசையும் கொடுத்து, கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வேலைகள் எழுதியிருக்கின்றன. ஒரு ரொட்டி வாங்க வேண்டும், தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்க வேண்டும். இப்படி 6 எளிய வேலைகள். புறப்பட்ட 15ஆவது நிமிடத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும். தக்காளி என்ன விலை, நேற்று நாட்டிலேயே மிகவும் குளிராக இருந்த ஊர் எது என்பது போன்ற 4 தகவல்களைத் தெரிந்துகொண்டு, அஞ்சலட்டையில் எழுதித் தபாலில் போட வேண்டும்.

விதிகளும் உண்டு. எதையாவது வாங்குவதற்குத் தவிர வேறு எதற்காகவும் கடைக்குள் நுழையக் கூடாது. முடிந்தவரை குறைவாகச் செலவு செய்ய வேண்டும். பரபரக்கவும் வேண்டாம், வீணாக நேரம் போக்கவும் வேண்டாம்.

இது விளையாட்டு இல்லை, உண்மையான பரீட்சை. டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் லண்டனில், வண்டிகள் போகாத ஒரு கடைத்தெருவில் இதை நடத்தி 1991ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பரீட்சை எழுத, இல்லை, பரீட்சை நடக்க வந்தவர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள். மூவருக்கும் எப்போதோ தலையில் அடிபட்டு, மூளையின் முன்பகுதியில் காயம் ஏற்பட்டிருந்தது. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் மூவருமே சராசரியைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். நினைவாற்றலும் பேச்சும் கணக்கும் நன்றாகவே இருந்தன.

அந்தத் தெருவில் அவர்கள் திணறிப் போனார்கள். ரொட்டி வாங்கத் தெரியாமல் இல்லை. எந்த வேலையை முதலில் செய்வது, எந்தக் கடையை விட்டுவிடுவது, எப்போது திரும்புவது என்பதில்தான் எல்லாம் குழம்பியது. சில விதிகளை மீறினார்கள், சில வேலைகளைத் தொடவே இல்லை. வீட்டிலும் அவர்களுக்கு இதே கதைதான். படித்த, புத்திசாலியான ஒருவரால் தன்னுடைய ஒரு நாளை ஒழுங்காக நடத்த முடியவில்லை.

அப்படியானால் அறிவுத்திறன் சோதனை அளக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. அதை ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்’ என்கிறார்கள். நாம் இந்தக் கட்டுரையில் ‘செயல் நடத்தும் திறன்’ என்று வைத்துக்கொள்வோம்.

நாளைக்குப் பள்ளியில் அறிவியல் செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். இன்று மாலை நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள்? அட்டை, பசை, கத்தரிக்கோல் மூன்றும் வீட்டில் இருக்கின்றனவா என்று யோசிக்கிறீர்கள், அது திட்டமிடுவது. வெளியே நண்பர்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்கிறது, போகாமல் இருக்கிறீர்கள், அது உந்துதலை அடக்குவது. பசை தீர்ந்துவிட்டது, சரி, நூல் வைத்துக் கட்டலாம் என்று மாறுகிறீர்கள். அம்மா சொன்ன மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடர்கிறீர்கள். கடைசியில், சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரும் விரட்டாமல் தானாக உட்கார்ந்து தொடங்குகிறீர்கள். பெரியவர்களுக்குக்கூட இதுதான் பல நாட்களில் மிகக் கடினம்!

இந்த வேலைகளில் பெரும்பங்கு நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு உண்டு. மூளையில் மிகத் தாமதமாக முதிர்கிற பகுதி அது. 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். ஆகவே பத்து வயதில் நீங்கள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்தால் அதற்காக மனம் உடைய வேண்டாம்.

இந்தத் திறனை எப்படி அளப்பது? அறைக்குள் உட்கார்ந்தபடியே அளக்கச் சில நல்ல சோதனைகள் இருக்கின்றன. ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதுங்கள். ‘பச்சை’ என்பதை நீல மையிலும் ‘நீலம்’ என்பதைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஒரு பக்கம் நிரப்பிவிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். படிப்பது நமக்குப் பழகிவிட்டதால் கண் பட்டவுடன் சொல் வாய்க்கு வந்துவிடுகிறது. அதைத் தடுத்து நிறுத்தி நிறத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட சோதனை இது. இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எழுத்துப் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இதிலேயே வேறு வடிவம் உண்டு. சூரியன் படத்தைக் காட்டினால் ‘இரவு’ என்று சொல்ல வேண்டும், நிலாப் படத்தைக் காட்டினால் ‘பகல்’ என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நான்கு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். முதல் சில படங்களுக்குச் சரியாகச் சொல்லிவிட்டு, பிறகு சூரியனைப் பார்த்ததும் ‘பகல்’ என்று கத்துவார்கள்.

சோதனைகள் நல்லவைதான். ஆனால் அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே சத்தம் இல்லை. எதிரே அன்பான ஒருவர் உட்கார்ந்து, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். “தொடங்குங்கள்” என்று அவரே சொல்கிறார், “போதும்” என்றும் அவரே சொல்கிறார். அடுத்தது எது என்பதும் அவர் கையில். நடுவில் தொலைபேசி மணி அடிப்பதில்லை, அடுப்பில் பால் பொங்குவதில்லை. அதாவது, செயல் நடத்தும் திறனில் பாதியைச் சோதனை நடத்துபவரே செய்துகொடுத்துவிடுகிறார்!

2013இல் மேகி டாப்லாக் என்ற கனடா உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், இந்த அறைச் சோதனைகளின் மதிப்பெண்ணும் அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்வித்தாளின் மதிப்பெண்ணும் எவ்வளவு பொருந்துகின்றன என்று, அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முழுமையாகப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்ற அளவுகோலில் கிடைத்தது சுமார் 0.19 மட்டுமே. அறையில் கெட்டிக்காரராக இருப்பவர் வீட்டிலும் அப்படியே இருப்பார் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒன்றையே அளக்கவில்லை.

இந்த வேறுபாடு யாருக்காக மிகவும் முக்கியமாகிறது என்பதைச் சொல்ல, இனி உங்களை நார்வே நாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி சேர்த்த பானமோ சூயிங்கமோ கடையில் கண்ணில் பட்டால், உறையில் பொடி எழுத்தைப் படியுங்கள். பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை இருக்கும். யார் அவர்கள்?

1930களின் தொடக்கம். நார்வேயில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு வயது. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். வளர வளர அறிவு வளர்ச்சி நின்றுபோனது. மகளுக்குச் சில சொற்கள்தான் வந்தன, மகனால் நடக்கவோ பேசவோ முடியவில்லை. இருவர் மேலும் எப்போதும் ஒரு புளித்த, பூசணம் பிடித்த வாடை வீசியது. அந்தத் தாய் மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. “அந்த வாடைக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அறிவியல் வரலாற்றில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்விகளில் இதையும் நான் சேர்ப்பேன்.

1934இல் அந்தக் கேள்வி ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் வந்து சேர்ந்தது. அவர் மருத்துவர் மட்டும் இல்லை, வேதியியலும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விட்டார். நீரிழிவு நோயாளிகளிடம் காணப்படும் கீட்டோன் என்ற பொருள் இருக்கிறதா என்று பார்க்க அந்நாளில் செய்யும் வழக்கமான சோதனை அது. கீட்டோன் இருந்தால் செந்நீல நிறம் வரும், இல்லாவிட்டால் பழுப்பாகவே இருக்கும். வந்ததோ அடர்ந்த பச்சை! அப்படி ஒரு நிறத்தை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

ஏதாவது மருந்தின் விளைவாக இருக்கலாமோ என்று, ஒரு வாரம் எல்லா மருந்துகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சோதித்தார். மறுபடியும் பச்சை. அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க 20 லிட்டருக்கும் மேல் சிறுநீர் தேவைப்பட்டது. தாய் சலிக்காமல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கிடைத்த பொருள் பினைல்பைருவிக் அமிலம். பிறகு, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார் ஃபோலிங். மேலும் 8 பேரிடம் பச்சை நிறம் வந்தது. மூளையைப் பாதிக்கும் ஒரு நோய்க்கு வேதியியல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

அந்த நோய்தான் பினைல்கீட்டோனூரியா. சுருக்கமாக பி.கே.யூ. நாம் சாப்பிடும் புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்று பினைல்அலனின். நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, தேவைக்கு மேல் வரும் பினைல்அலனினை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியைச் செய்வதற்கான மரபணு 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளிலுமே பிழை இருந்தால் நொதி சரியாக வேலை செய்யாது. பினைல்அலனின் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் நலமான பெற்றோருக்கு இந்த நோயோடு குழந்தை பிறக்கிறது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கும். அயர்லாந்திலும் துருக்கியிலும் இன்னும் அதிகம், பின்லாந்தில் மிக அரிது.

காரணம் தெரிந்தும் 17 ஆண்டுகள் மருந்தில்லை. 1951இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர், நிற்கவும் நடக்கவும் முடியாத ஒரு சின்னப் பெண்ணுக்கு பி.கே.யூ. இருப்பதைக் கண்டுபிடித்தார். இங்கேயும் ஒரு தாய். பெயர் சொல்லிவிட்டால் போதுமா, என் மகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொரு காலையும் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். பிக்கலும் ஜான் ஜெரார்டும் ஈவ்லின் ஹிக்மன்ஸும் சேர்ந்து, பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூள் வழியாக வடிகட்டி, பினைல்அலனினை நீக்கிய உணவைச் செய்தார்கள். சில மாதங்களில் அந்தப் பெண் தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள். உணவுதான் காரணமா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரியாமல் பினைல்அலனினை மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாளுக்குள் அவள் நிலை மோசமானது. தாயிடம் சொல்லாமல் செய்தது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைய மருத்துவ விதிகளும் அதை அனுமதிக்காது. ஆனால் விடை சந்தேகமில்லாமல் கிடைத்தது.

அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தாமதமாக வந்தது. பிறந்த சில நாட்களிலேயே தொடங்கினால்தான் மூளையை முழுதாகக் காப்பாற்ற முடியும். அதற்கு வழி செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. குழந்தையின் குதிகாலில் சின்னதாகக் குத்தி, வடிதாளில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும் என்று காட்டினார். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் அந்தச் சோதனையைக் கட்டாயம் ஆக்கியது. பிறகு பல நாடுகள் தொடர்ந்தன. பேச்சில்லாமல், நடையில்லாமல் போயிருக்க வேண்டிய குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், கல்லூரிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தார்கள். மூளை வளர்ந்துவிட்டது, இனி உணவுக் கட்டுப்பாடு எதற்கு என்று பல மருத்துவமனைகளில் பள்ளி வயதிலேயே அதை நிறுத்தியும்விட்டார்கள். சில ஆண்டுகளில், நல்ல மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளைகள், பெரியவர்களான பிறகு, வேறு வகையான தொல்லைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். மனம் ஒன்றில் நிற்கவில்லை. தொடங்கியதை முடிக்க முடியவில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. எல்லாம் மெதுவாக நடக்கிறது. அறிவுத்திறன் சோதனை வைத்தால் சராசரிதான், அதில் குறை இல்லை.

அடெல் டயமண்ட் என்ற ஆய்வாளர், சிகிச்சை பெற்றுவந்த பி.கே.யூ. குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997இல் ஒரு விளக்கம் தந்தார். சூரியனைக் காட்டி ‘இரவு’ என்று சொல்லச் சொன்ன சோதனை நினைவிருக்கிறதா? அது அவருடைய ஆய்வில் இருந்ததுதான். இரத்தத்தில் பினைல்அலனின் இயல்பைவிட 3 முதல் 5 மடங்கு இருந்த குழந்தைகள், அதாவது அன்றைய கணக்கில் ‘நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட குழந்தைகள், ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டே உந்துதலையும் அடக்க வேண்டிய சோதனைகளில் பின்தங்கினார்கள். மற்ற சோதனைகளில் நன்றாகவே செய்தார்கள்.

ஏன் அப்படி? பினைல்அலனினும் டைரோசினும் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போக ஒரே வகை வாயில்தான் உண்டு. காலை எட்டரை மணி நகரப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் ஒரே கூட்டத்தார் நெருக்கிக்கொண்டு நின்றால், பின்னால் நிற்கும் நான்கு பேருக்கு ஏற இடம் கிடைக்காது. பினைல்அலனின் அதிகமாகும்போது டைரோசினுக்கு அதுதான் நடக்கிறது. டைரோசினிலிருந்துதான் மூளை டோபமைன் என்ற செய்திப் பொருளைச் செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியின் டோபமைன் நரம்புகள் மிக வேகமாக வேலை செய்பவை, டோபமைனை வேகமாகச் செலவழிப்பவை. ஆகவே டைரோசின் கொஞ்சம் குறைந்தாலும் முதல் அடி அங்கேதான் விழுகிறது. கண்ணின் விழித்திரையிலும் அதே மாதிரி டோபமைன் செல்கள் உண்டு என்பது தெரிந்து, டயமண்ட் கண்ணையும் சோதித்தார். மங்கலான சாம்பல் நிறக் கோடுகளைப் பிரித்துப் பார்ப்பதில் இந்தக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறை இருந்தது. ஊகம் சரியா என்று பார்க்க, யாரும் எதிர்பார்க்காத இன்னோர் இடத்தில் போய்த் தேடியதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பினைல்அலனின் மூளையின் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொருளையும் பாதிக்கிறது. அதனால் சிந்தனையின் வேகமும் குறையலாம்.

இப்போது உணவுக் கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுவதும் தொடரச் சொல்கிறார்கள். 2017இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளின்படி, பெரியவர்களின் இரத்தத்தில் பினைல்அலனின் ஒரு லிட்டருக்கு 600 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 360க்குள் என்கிறார்கள். எண்ணைச் சொல்வது எளிது. அதற்குள் நிற்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா?

பி.கே.யூ. உள்ள ஒரு பெரியவரின் நாளைப் பாருங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், பருப்பு, கடலை எதுவும் கிடையாது, அல்லது மிக மிகக் கொஞ்சம். பிரிட்டனில் ஒரு கிராம் புரதத்தை ஓர் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று எண்ணுகிறார்கள். அதில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பினைல்அலனின் இருக்கும். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நோய் கடுமையாக உள்ள சிலருக்கு அந்த ஒரு முட்டையிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும். சோற்றிலும் உருளைக்கிழங்கிலும்கூடக் கொஞ்சம் புரதம் இருப்பதால் அவற்றையும் தராசில் வைத்து நிறுத்து, எழுதி, கூட்ட வேண்டும். புரதம் குறைத்த மாவை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். உடல் வளரவும் பழுதுகளைச் சரிசெய்யவும் தேவையான மற்ற அமினோ அமிலங்களைப் பொடியாகக் கரைத்து, தினமும் மூன்று நான்கு வேளை குடிக்க வேண்டும். அதன் வாடையும் சுவையும் பலருக்குப் பிடிப்பதில்லை. அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சொன்ன நாளில் விரலில் குத்தி, இரத்தச் சொட்டை அட்டையில் வைத்து, தபாலில் அனுப்ப வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமையும் செய்ய வேண்டும், காய்ச்சல் வந்தாலும் செய்ய வேண்டும், வெளியூர் போனாலும் செய்ய வேண்டும்.

இப்போது நம் பட்டியலோடு இதை ஒத்துப் பாருங்கள். திட்டமிடுவது, உந்துதலை அடக்குவது, எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது, தானாகத் தொடங்குவது, முடித்ததைச் சரிபார்ப்பது. எல்லாமே செயல் நடத்தும் திறன்தான்! பினைல்அலனின் ஏறும்போது எந்தத் திறன் மங்குகிறதோ, அதே திறன் இருந்தால்தான் பினைல்அலனினை இறக்கி வைக்க முடியும். சில நாட்கள் கணக்குத் தவறினால் அளவு ஏறுகிறது. ஏறினால் கணக்கு வைப்பது இன்னும் கடினமாகிறது. கடினமானால் மேலும் தவறுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய ஒருவரைப் பார்த்து “உங்களுக்கு அக்கறை இல்லை, சோம்பல்” என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

எனவேதான் பி.கே.யூ. மருத்துவமனைகள் அறைச் சோதனையோடு நிற்காமல், அன்றாட வாழ்க்கையை அளக்கும் கருவிகளைத் தேடின. லண்டன் கடைத்தெருச் சோதனையை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ய முடியாது. அதற்கு நேரமும் ஆளும் தேவை. அதனால் பல இடங்களில் கேள்வித்தாள் பயன்படுகிறது. அவற்றில் நன்கு அறியப்பட்டது ‘பிரீஃப்-ஏ’. ராபர்ட் ராத், பீட்டர் இஸ்க்வித், ஜெரார்ட் ஜியோயா மூவரும் 2005இல் வெளியிட்டார்கள். 18 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கானது. இதற்கு முன்பே குழந்தைகளுக்கான கேள்வித்தாள் வந்திருந்தது.

பிரீஃப்-ஏயில் 75 வாக்கியங்கள் இருக்கின்றன. கடந்த ஒரு மாதத்தில் இப்படி நடந்ததா என்பதற்கு ‘ஒருபோதும் இல்லை’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைப் பற்றியெல்லாம் கேட்பார்கள் என்றால், வேலையைத் தொடங்கத் தாமதம் ஆவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் திணறுவது, பொருள்களை வைத்த இடம் தெரியாமல் தேடுவது, சட்டென்று கோபம் வருவது, தான் பேசியது பிறரை எப்படிப் பாதித்தது என்று கவனிக்காமல் போவது இவை போன்றவற்றை. மொத்தம் 9 பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். அதே வயதுடைய பொதுமக்களின் சராசரி 50 என்று வைத்து ஒப்பிடுவார்கள். இந்தப் பரீட்சையில் மதிப்பெண் கூடினால் தொல்லை கூடுதல் என்று பொருள். 65ஐத் தொட்டால் மருத்துவர் நின்று கவனிப்பார். ஒரே விஷயத்துக்கு முன்னும் பின்னும் முரணாகப் பதில் சொல்கிறாரா, எல்லாவற்றையும் மிக மோசம் என்றே சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கவும் உள்ளேயே ஏற்பாடு உண்டு.

இதன் சிறப்பு வேறு ஒன்றில் இருக்கிறது. கேள்வித்தாள் இரண்டு படிவங்களாக வருகிறது. ஒன்றை அந்த நபரே நிரப்புவார். மற்றொன்றை அவரோடு வாழ்பவர் நிரப்புவார், கணவனோ மனைவியோ அம்மாவோ அறைத் தோழரோ. ஏன் இரண்டு? தன்னைத் தானே கவனிப்பதும் செயல் நடத்தும் திறனில் சேர்ந்தது. அதுவே மங்கியிருந்தால், தான் மறப்பதையே ஒருவர் மறந்திருக்கலாம். வேறு சிலர் தங்களிடம் மிகக் கண்டிப்பாக இருந்து, இல்லாத குறையையும் எழுதுவார்கள். உடன் இருப்பவர் சொல்வதும் முழு உண்மை ஆகிவிடாது. சமையலறையில் நடப்பது அவருக்குத் தெரியும், அலுவலகத்தில் நடப்பது தெரியாது. ஆகவே இரண்டு படிவமும் ஒத்துப்போனால் அது ஒரு செய்தி, ஒத்துப்போகாவிட்டால் அதுவும் ஒரு செய்தி. நல்ல உளவியலாளர் உடனே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். “எந்த நாளில், எந்த இடத்தில் இப்படி நடக்கிறது?” என்று இருவரையும் உட்காரவைத்துக் கேட்பார்.

முடிவுகளைக் கேட்டால், ஒரே பதில் கிடைக்காது. தொடக்கத்திலிருந்தே நன்றாகச் சிகிச்சை பெற்ற பி.கே.யூ. பெரியவர்களில் பலருக்கு மதிப்பெண் மற்றவர்களைப் போலவே இருக்கிறது. சிலருக்கு மனத்தில் வைத்துக்கொள்வதிலோ தொடங்குவதிலோ தெளிவான தொல்லை தெரிகிறது. அதனால்தான் ‘பி.கே.யூ. என்றால் இப்படித்தான்’ என்று யாரையும் ஒரே வாக்கியத்தில் அடக்கக் கூடாது.

நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வை மட்டும் சொல்லிவிடுகிறேன். பி.கே.யூ. உள்ள 9 பெரியவர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 4 வாரம் கூடுதலாகப் பினைல்அலனின், இன்னொரு 4 வாரம் பினைல்அலனின் இல்லாத வெறும் போலி. எது எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. பினைல்அலனின் கூடியிருந்த வாரங்களில் அவர்களின் நீடித்த கவனம் குறைந்தது, மனநிலையும் தாழ்ந்தது. மனநிலை மாறியதை அவர்கள் மட்டும் சொல்லவில்லை, உடன் இருந்த நண்பர்களும் உறவினர்களும் தனியாக நிரப்பிய தாள்களிலும் அது தெரிந்தது. 9 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பெரிய ஆய்வுகளைச் சேர்த்துத்தான் உறுதியாகப் பேச வேண்டும். ஆனாலும், பிறருக்குப் பயன்படட்டும் என்று தங்கள் நான்கு வாரத்தை மங்கலாக்கிக்கொள்ளச் சம்மதித்த அந்த ஒன்பது பேருக்கும் நான் மனதார வணக்கம் சொல்கிறேன்.

கேள்வித்தாளில் தெரிந்ததை வைத்து என்ன செய்கிறார்கள்? தொடங்குவதில்தான் சிக்கல் என்றால், பொடியைக் குடிக்கும் வேளைக்குக் கைப்பேசியில் மணி வைக்கிறார்கள். கணக்கில் சிக்கல் என்றால், வாரத்துக்கு ஒருமுறை உணவியலாளரோடு உட்கார்ந்து ஏழு நாள் சாப்பாட்டையும் முன்கூட்டியே நிறுத்துப் பெட்டிகளில் பிரித்து வைக்கலாம். இரத்தத்தில் அளவு ஏறியிருந்தால் அதை இறக்கிவிட்டு, சில மாதம் கழித்து அதே 75 வாக்கியங்களை மறுபடி கொடுத்துப் பார்க்கலாம்.

மாசசூசெட்ஸில் 1963இல் குதிகாலில் குத்திக்கொண்ட முதல் குழந்தைகள் இன்று 60 வயதைக் கடந்தவர்கள். வயதாகும்போது எல்லோருக்குமே செயல் நடத்தும் திறன் கொஞ்சம் குறையும். இவர்களுக்கு அது எப்படி இருக்கும், மற்றவர்களைப் போலவா, சற்று முன்னதாகவா? பிரீஃப்-ஏ 90 வயது வரை கேட்கிறது. பிறந்த வாரத்திலிருந்தே சிகிச்சை பெற்ற 80 வயது பி.கே.யூ. மனிதர் உலகத்தில் இன்னும் ஒருவர்கூட இல்லை. சிகிச்சையே 1951இல்தானே பிறந்தது! அந்த வயதை முதலில் எட்டப்போகிறவர்கள் இப்போது தங்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர் இன்னொன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வளர்ந்து ஆய்வாளர் ஆகும்போது அந்த விடை உங்கள் மேசைக்கு வரும்.